ஆளில்லாமல் பில் போடும் கம்ப்யூட்டர்: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

அண்மைக் காலமாக நம் மொத்தக் கடைகளுக்குப் புதுவிதமான பிரதிநிதிகள் வந்து போகிறார்கள். எண்ணெய்க் கம்பெனி ஆட்களோ பிஸ்கட் கம்பெனி ஆட்களோ அல்ல, மென்பொருள் விற்பவர்கள். கையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, "உங்கள் சில்லறைக் கடைக்காரர்கள் இரவு கடையை அடைத்துவிட்டு வீட்டிலிருந்தே போனில் ஆர்டர் தட்டிவிடலாம். காலையில் நீங்கள் கடை திறக்கும்போது உங்கள் கம்ப்யூட்டரில் பில் தயாராக இருக்கும். ஆளும் வேண்டாம், தாளும் வேண்டாம்" என்று சொல்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கக் கூடியதும்தான், நடத்திக் காட்டும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் மூட்டையைக் குத்திப் பார்க்காமல் பருப்பு வாங்காத நாம், கணக்கையே ஒப்படைக்கும் ஒரு காரியத்தை உள்ளே பார்க்காமல் வாங்கலாமா? கம்ப்யூட்டர் நமக்குப் புரியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. இது கணக்கெழுதும் வேலைதான். கணக்கெழுதும் வேலை நமக்குத் தெரியாதது அல்ல.

இரண்டு வகை மென்பொருள்கள்

முதலில் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, மேஜைக் கம்ப்யூட்டரில் ஆள் உட்கார்ந்து இயக்குவதற்காகச் செய்யப்பட்டது. நாம் எல்லோரும் வைத்திருக்கும் டேலியும் எக்செலும் இந்த வகை. இது நம் பழைய கணக்குப்பிள்ளையைப் போன்றது. ஒரு நேரத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுதும். சந்தேகம் வந்தால் எழுத்தை நிறுத்திவிட்டு, "இதை இப்படியே பதியலாமா, வேண்டாமா?" என்று திரையில் ஒரு பெட்டி போட்டுக் கேட்கும். நாம் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லும் வரை அடுத்த வரிக்குப் போகாது.

இன்னொன்று, சர்வர் என்று சொல்லப்படும் பெரிய கம்ப்யூட்டரில் இரவு பகலாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ரயில் டிக்கெட் பதிவு, வங்கியின் பணப் பரிமாற்றம், ஜி.எஸ்.டி. இணையதளம் எல்லாம் இந்த வகை. முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் கேட்டாலும் வரிசைப்படுத்திப் பதில் சொல்லும். சந்தேகம் வந்தால் நின்று கேட்காது. 'இந்தக் காரணத்தால் முடியாது' என்று பதில் அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும்.

இப்போது விற்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டாவது வகையைக் கொண்டு முதல் வகையை ஓட்டுகிறார்கள். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் சர்வரில் இணையச் சேவை ஒன்று இருக்கிறது. சில்லறைக் கடைக்காரரின் போனிலிருந்து ஆர்டர் அங்கே போகிறது. அந்தச் சேவை நம் மேஜை மென்பொருளை ஆள் உட்கார்ந்து இயக்குவது போலவே இயக்கி, பில்லைப் பதியச் செய்கிறது. ஆளுக்காகச் செய்த ஒன்றை ஆளில்லாமல் ஓட்டுவதில்தான் சங்கடங்கள் எல்லாம் இருக்கின்றன.

பூட்டிய அறையில் கேட்கப்பட்ட கேள்வி

எக்செலைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனமே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. எக்செல், வேர்டு போன்ற ஆபீஸ் மென்பொருள்களை ஆள் முன்னால் இல்லாத சர்வரில் வைத்து வேறொரு புரோகிராம் மூலம் இயக்குவதை அது பரிந்துரைக்கவில்லை. அப்படிச் செய்தால் உதவியும் கிடையாது. நிலையில்லாமல் நடந்துகொள்ளலாம், நடுவில் அப்படியே நின்றுபோகலாம் என்றும் எச்சரிக்கிறது. அது சொல்லும் காரணங்களை நம் பாஷையில் சொல்வதானால்:

முதலாவது, அந்த மென்பொருள் ஒரு மனிதர் தம் பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எதிர்பார்க்கிறது. சர்வரில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவது, திரையில் பெட்டி போட்டுக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்று செய்ததால், பத்து ஆர்டர் ஒன்றாக வந்தால் ஒன்றையொன்று இடிக்கும். நான்காவது, வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறக்கும்போது ஏற்படக்கூடிய ஆபத்துகளைக் கவனிக்கும் பொறுப்பு, முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம்தான் விடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் மிகவும் தொல்லை தருவது. 2007-ல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, பின்னணியில் தானாக ஓடும் சேவைகளுக்கெல்லாம் தனி அறை ஒதுக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த அறையில் ஓடும் புரோகிராம் திரையில் ஒரு கேள்வி கேட்டால், கம்ப்யூட்டர் முன்னால் நாம் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கேள்வி நம் கண்ணில் படாது. கணக்குப்பிள்ளை பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு, "முதலாளி, இதை எழுதலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. அவர் கேட்டதே நமக்குத் தெரியாது. வேலை நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

நம் வட்டாரத்து மளிகை மொத்தக் கடை ஒன்றில் ஒரு தீபாவளி வாரத்தில் இதேதான் நடந்தது. எக்செல் தாளில் பில் தயாரித்து, அதையே லாரி செட்டுக்கான சரக்குப் பட்டியலாகவும் அச்சிடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆறு மாதம் பிசகில்லாமல் ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபோது ஒரு கோப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த முறை எக்செல் திறந்தபோது, "முன்பு சேமிக்காமல் விட்ட கோப்பு இருக்கிறது, அதை எடுக்கவா?" என்று கேட்டிருக்கிறது. கேட்டது பூட்டிய அறைக்குள். அன்று இரவு வந்த ஆர்டர்கள் அனைத்தும் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிட்டன. சில்லறைக் கடைக்காரர்களின் போனில் மட்டும் 'ஆர்டர் பெறப்பட்டது' என்று காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வரை கடையில் யாருக்கும் தெரியவில்லை. கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணாச்சி, நேத்து ராத்திரியே ஆர்டர் போட்டேனே. ரவையும் மைதாவும் வராம பலகாரக்காரங்க எல்லாம் திரும்பிப் போறாங்களே" என்று கேட்ட பிறகுதான் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் தனி வண்டி பிடித்துச் சரக்கு அனுப்பினார்கள். வண்டி வாடகை நஷ்டம் பெரிதல்ல. பண்டிகை வாரத்தில் ஒரு நாள் வியாபாரத்தை இழந்த சில்லறைக் கடைக்காரர்களில் இரண்டு பேர் அதன் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இருபது வருஷ வாடிக்கை.

இதே போன்ற இன்னொரு தொல்லையும் உண்டு. சர்வரிலிருந்து எக்செலைத் திறந்து வேலை வாங்கிவிட்டுச் சரியாக மூடாமல் விட்டால், அது கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் தங்கிவிடும். நாள் முழுவதும் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து கம்ப்யூட்டரின் நினைவகத்தை அடைத்து, சாயங்காலத்துக்குள் மெஷின் நகராமல் போகும். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று புதிது வாங்குவார்கள். புதிதும் இரண்டு நாளில் அப்படியே ஆகும்.

இங்கிலாந்தில் நடந்தது

இதெல்லாம் சிறிய கடைகளில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020-ல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையிலேயே நடந்தது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளைத் தானியங்கி முறையில் எக்செல் கோப்புகளில் ஏற்றி, அங்கிருந்து மேலே அனுப்பும்படி வைத்திருந்தார்கள். அதற்குப் பயன்படுத்தியது பழைய வகை எக்செல் கோப்பு. அந்த வகையில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. புதிய வகையில் 10 லட்சத்துக்கும் மேல் கொள்ளும். ஒரு நோயாளிக்குப் பல வரிகள் ஆகும் என்பதால் கோப்பு சீக்கிரமே நிரம்பியது. நிரம்பிய பின் வந்த பெயர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போயின.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படி விடுபட்டவர்கள் 15,841 பேர். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் தாமதமாயிற்று. பெரிய அரசாங்கம், படித்த நிபுணர்கள், பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் 'உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை' என்று தினமும் ஒத்துப் பார்க்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. லாரியில் ஏற்றிய மூட்டையையும் இறக்கிய மூட்டையையும் எண்ணாமல் கையெழுத்துப் போடும் மண்டி நம் ஊரில் உண்டா?

சரியான வழிகள்

அப்படியானால் இந்த வசதியே வேண்டாமா என்றால், அப்படியல்ல. முறையான வழிகள் இருக்கின்றன. மென்பொருள் விற்பவர் எந்த வழியில் செய்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோசமான வழி, விசையைத் தட்டும் வழி. மனிதர் கீ போர்டில் தட்டுவதைப் போல, 'இங்கே அழுத்து, அங்கே எழுது' என்று ஒரு புரோகிராம் தட்டிக்கொண்டே போகும். மென்பொருளின் புதுப் பதிப்பு வந்து திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினால், இது தவறான இடத்தில் தட்டும். விலை எழுத வேண்டிய இடத்தில் எண்ணிக்கை எழுதப்படும். கம்ப்யூட்டரில் திரைப் பூட்டு விழுந்தால் ஒன்றுமே நடக்காது. வேறு வழியே இல்லாத பழைய மென்பொருளுக்கு மட்டும், ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது இதை வைத்துக்கொள்ளலாம்.

எக்செல் தாள்தான் வேண்டும் என்றால், எக்செலைத் திறக்காமலே எக்செல் கோப்பை உருவாக்கும் வழி இருக்கிறது. புதிய வகை எக்செல் கோப்பு என்பது உள்ளே வெறும் எழுத்துக் கோப்புகள் சிலவற்றைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம்தான். அதன் அமைப்பு 2006-ல் வெளிப்படையான தரமாக அறிவிக்கப்பட்டது; 2008-ல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எனவே சர்வரில் இருக்கும் புரோகிராம், எக்செலின் துணையில்லாமல் தானே அந்தக் கோப்பை எழுதிவிடலாம். கேள்வி கேட்கும் பெட்டியும் இல்லை, பின்னணியில் தங்கும் தொல்லையும் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமும் இந்த வழியைத்தான் சொல்கிறது.

டேலியில் இருக்கும் கதவு

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது டேலி. பெங்களூரில் 1986-ல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தம் கணக்கை எழுத நல்ல மென்பொருள் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னதில் பிறந்தது. ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்த பொருள் என்பதில் நமக்கும் சந்தோஷம் உண்டு.

டேலி மேஜை மென்பொருள்தான் என்றாலும், வெளியிலிருந்து வேறொரு புரோகிராம் தகவல் கொடுக்கவும் வாங்கவும் தனியாக ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக அதன் எண் 9000. அந்தக் கதவு வழியாக எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்து வடிவில் ஒரு விற்பனைப் பதிவை அனுப்பினால், டேலி அதைப் பதிந்துவிட்டு, எத்தனை பதிவு புதிதாகச் சேர்ந்தது, எத்தனை திருத்தப்பட்டது, எத்தனை தவறானது என்று பதில் சொல்லும். திரையில் தட்டும் வேலை இல்லை. இதுவே நேரான வழி.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, டேலி திறந்திருந்து, நம் கம்பெனிக் கணக்கும் அதில் திறந்திருந்தால்தான் கதவு திறக்கும். இரவில் விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மெஷினை அணைத்துப் போட்டால், காலையில் யாராவது வந்து உள்ளே நுழைந்து டேலியைத் திறக்கும் வரை ஆர்டர்கள் வெளியே காத்திருக்கும். யு.பி.எஸ். இல்லாத கடையில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரண்டு, பெயர் அச்சாக ஒத்திருக்க வேண்டும். நம் பேரேட்டில் 'முருகன் ஸ்டோர்' என்று இருந்து, இணையச் சேவையில் 'முருகன் ஸ்டோர்ஸ்' என்று இருந்தால் பதிவு நிற்கும். கணக்குப்பிள்ளை என்றால் ஊகித்து எழுதிவிடுவார், மெஷின் ஊகிக்காது. மூட்டை, கிலோ விஷயமும் இப்படித்தான். 2022 ஜூலை 18-ல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தபோது, 25 கிலோ மூட்டைக்கு வரி, 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லை என்ற நிலை ஏற்பட்டது நமக்கு நினைவிருக்கும். 'இரண்டு மூட்டை' என்று மட்டும் ஆர்டர் வந்தால் எந்த மூட்டை என்று மெஷினுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, இரண்டு பக்கமும் அதையே வைத்துக்கொள்வதுதான் வழி.

மூன்று, அந்தக் கதவை இணையத்தை நோக்கித் திறந்து வைக்கவே கூடாது. சிலர் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று, வெளியிலிருந்து யாரும் நேராக 9000-க்கு வரும்படி கடையின் இணைய இணைப்பை மாற்றிவிட்டுப் போகிறார்கள். இது கல்லாப் பெட்டியைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைப்பதற்குச் சமம். நம் பாக்கி விவரம், கொள்முதல் விலை எல்லாம் அங்கே இருக்கின்றன.

இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சிறிய புரோகிராமை வைத்துவிட வேண்டும். அது சில நிமிஷங்களுக்கு ஒரு முறை இணையச் சேவையிடம் தானே போய், "நமக்கு ஆர்டர் ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டு வாங்கி வந்து, உள்ளேயே இருக்கும் டேலியிடம் கொடுக்கும். முடிந்ததும் பில் எண்ணைத் திரும்பப் போய்ச் சொல்லும். தபால்காரரிடம் கடைச் சாவியைக் கொடுப்பதற்குப் பதிலாக, நம் பையனைத் தபாலாபீசுக்கு அனுப்பிக் கடிதம் வாங்கி வரச் சொல்வது போல. மின்சாரம் போனாலும் ஆர்டர் அங்கே பத்திரமாக இருக்கும். வந்ததும் வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றாக என்பது முக்கியம். இருப்பு பத்து மூட்டை இருக்கும்போது எட்டு மூட்டைக்கு இரண்டு ஆர்டர் ஒரே நிமிஷத்தில் வந்தால், வரிசையாக எடுத்தால்தான் இரண்டாவது ஆளுக்கு 'இரண்டுதான் இருக்கிறது' என்று சொல்ல முடியும்.

ஒரே ஆர்டருக்கு இரண்டு பில்

இன்னொரு சங்கடம், பார்ப்பதற்குச் சின்னது, பணத்தில் பெரியது. இணையச் சேவை ஒரு பில்லைப் பதியச் சொல்கிறது. டேலி பதிந்துவிட்டது. 'பதிந்தாயிற்று' என்ற பதில் போய்ச் சேரும் முன் இணைப்பு அறுந்துவிட்டது. பதில் வராததால், பதியவில்லை என்று நினைத்துச் சேவை மறுபடியும் அனுப்புகிறது. ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். சரக்கும் இரண்டு தடவை ஏறும்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு இதை அடித்து எழுதிச் சரிசெய்துவிட முடியாது. பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், வரிசையாக, அந்த நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும் என்பது விதி. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்களுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிய பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்ய முடியும். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். ராத்திரி மெஷின் தானாகப் போட்ட தவறான பில்லை ஞாயிற்றுக்கிழமை கடை லீவு கழித்துத் திங்கட்கிழமை பார்த்தால் அந்த நேரம் தாண்டியிருக்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. சில்லறைக் கடைக்காரர் ஆர்டர் போடும்போதே அதற்கு ஓர் எண் விழ வேண்டும். பில் பதியும் முன், 'இந்த ஆர்டர் எண்ணுக்கு ஏற்கெனவே பில் இருக்கிறதா?' என்று பார்த்துவிட்டுப் பதிய வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத மென்பொருளை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வரியும் விலையும் ஒரே இடத்தில்

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5 சதவீதமாகவும், பிஸ்கட், சோப்புக் கட்டி, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5 சதவீதமாகவும் ஆயின. கடைக் கணக்கில் விகிதத்தை மாற்றி, இணையச் சேவையில் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? கடைக்காரர் போனில் ஒரு தொகையைப் பார்ப்பார். பில்லில் வேறு தொகை வரும். ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றாலும், 'போனில் ஒன்று காட்டி, பில்லில் ஒன்று போடுகிறார்கள்' என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சைத் துடைக்க ஐந்து வருஷம் ஆகும்.

ஆகவே விலை, வரி, இருப்பு இவற்றுக்கு ஒரே ஓர் இடம்தான் எஜமானாக இருக்க வேண்டும். அது கடையில் உள்ள நம் கணக்காக இருப்பதே நல்லது. இணையச் சேவை அங்கிருந்து வாங்கிக் காட்ட வேண்டுமே தவிர, தனக்கென்று ஒரு விலைப் பட்டியலை வைத்துக்கொள்ளக் கூடாது.

கணக்குப்பிள்ளை என்ன ஆவார்?

'ஆள் வேண்டாம்' என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். இங்கேதான் நாம் ஒப்ப முடியவில்லை.

நம் கடைக் கணக்குப்பிள்ளை செய்த வேலை வெறும் எழுத்து வேலை மட்டுமல்ல. வழக்கமாக ஐந்து டின் எண்ணெய் வாங்குபவர் ஐம்பது டின் கேட்டால், எழுதுமுன் ஒரு போன் போட்டுக் கேட்பார். போன மாதப் பாக்கியே நிற்கிற ஆளுக்குப் புதுச் சரக்கு ஏற்றும் முன் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார். அதே சமயம், வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு பழைய வாடிக்கைக்காரருக்குப் பாக்கி இருந்தாலும், "இவருக்குக் கொடுப்போம்" என்று அவரே சொல்வார். மெஷினுக்குக் கடன் வரம்பு என்று ஓர் எண்ணைச் சொல்லி வைக்கலாம்; சொல்லி வைக்கவும் வேண்டும். ஆனால் வரம்பைத் தாண்டி வந்த ஆர்டரை மறுத்து அனுப்பாமல், தனியே நிறுத்தி வைத்து மனிதரிடம் காட்டும்படி செய்ய வேண்டும். ஒரு நல்ல வாடிக்கைக்காரரின் போனில் ராத்திரி பதினோரு மணிக்கு 'உமக்குக் கடன் இல்லை' என்று மெஷின் சொல்வதைப் போன்ற அவமரியாதை வேறில்லை.

எங்கள் கடையில் நாங்கள் வைத்திருக்கும் முறை இது. ராத்திரி வரும் ஆர்டர்கள் பில்லாகப் பதியப்படுவதில்லை; ஆர்டராக மட்டும் டேலியில் ஏறி நிற்கும். காலையில் கணக்குப்பிள்ளை வந்ததும் மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதுகிறார்: போன்களிலிருந்து வந்த ஆர்டர் எத்தனை, டேலியில் ஏறியது எத்தனை, நின்றுபோனது எத்தனை. பின் இரண்டின் கூட்டுத்தொகை முதலாவதற்குச் சமமாக இல்லாவிட்டால் அன்றைய முதல் வேலை அதைத் தேடுவதுதான். அதன் பிறகு பட்டியலை ஒரு பார்வை பார்த்து, பில்லாக மாற்றச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துகிறார். முன்பு காலை முழுவதும் எழுதிக்கொண்டிருந்தவருக்கு இப்போது அரை மணி நேர வேலை. மீதி நேரத்தில் பாக்கி வசூலையும் இருப்புச் சரிபார்ப்பையும் பார்க்கிறார். கணக்கில் பிசகு குறைந்தது. ஆளும் நம்மோடு இருக்கிறார்.

நடுவில் ஒரு மனிதர் அழுத்தும் அந்த ஒரு பொத்தான், இந்தக் கட்டுரையில் சொன்ன தொல்லைகளில் பாதியை நீக்கிவிடுகிறது. சிறிய கடைக்கு முழுத் தானியங்கி ஏற்பாடு தேவையே இல்லை. நாளைக்கு முப்பது, நாற்பது பில் போடும் கடைக்கு இது தாராளம்.

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

மென்பொருள்காரர் வரும்போது, இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்:

1. எங்கள் டேலியையோ எக்செலையோ எப்படி இயக்குகிறீர்கள்? விசையைத் தட்டியா, அதற்கென்று உள்ள கதவு வழியாகவா, கோப்பு மூலமாகவா?

2. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றால் யாருக்கு, எத்தனை நிமிஷத்தில் தெரியும்?

3. கடை கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் ஆர்டர் எங்கே இருக்கும்? எத்தனை நாள் இருக்கும்?

4. ஒரே ஆர்டர் இரண்டு தடவை வந்தால் எப்படித் தடுக்கிறீர்கள்? செய்து காட்டுங்கள்.

5. வெளியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குக் கதவு திறக்க வேண்டுமா?

6. வந்த ஆர்டரும் பதிந்த பில்லும் ஒத்துப் பார்க்கத் தினசரிப் பட்டியல் உண்டா?

7. இப்படி இயக்க எங்கள் மென்பொருள் உரிமம் அனுமதிக்கிறதா?

8. நாளை உங்கள் சேவை வேண்டாம் என்றால், எங்கள் கடைக்காரர்களின் ஆர்டர் விவரங்களைத் திருப்பித் தருவீர்களா? எந்த வடிவில்?

நான்காவது கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. எதிரிலேயே இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, மறுபடி செருகி, பில் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பாருங்கள். நல்ல மென்பொருள்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மூட்டையைக் குத்திப் பார்த்தால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் கோபிப்பதில்லை அல்லவா?

இன்று பெரிய கம்பெனிகள் போன் மூலமே நம் சில்லறைக் கடைக்காரர்களிடம் நேராக ஆர்டர் வாங்கி, நேராகச் சரக்கு இறக்குகின்றன. நாமும் இரவில் ஆர்டர் வாங்கத் தெரிந்துகொள்ளாவிட்டால் நம் வாடிக்கை நழுவும். ஆனால் நம்மிடம் ஒரு சரக்கு இருக்கிறது; அவர்களிடம் இல்லை. 'நேற்று ஆர்டர் போட்டேன், இன்று சரக்கு வந்தது, பில்லும் சரியாக இருந்தது. சரியில்லை என்றால் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தார்' என்ற நம்பிக்கை அது. மெஷினை அந்த நம்பிக்கைக்கு உதவியாக வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் அந்த மூன்று எண்களை எழுத மட்டும் மறக்க வேண்டாம்.